பேனருக்குக் கீழே நாலு குட்டிகள்

நீடாமங்கலம்
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு ஃபிளோரா எழுதுவது,

இன்று காலையில் நம் பூனை வெல்லம் உன் முகத்தின் மேல் படுத்திருந்தது.

பயந்துவிடாதே. நீ கன்னியர் மடத்துக்குப் போன அன்று ஊரில் கட்டிய பேனரைச் சொல்கிறேன். அப்பா அதை மடித்து பீரோ மேல் வைத்திருந்தார் அல்லவா. குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. குவித்துவைத்த அம்பாரத்தில் பாதிக்குத்தான் தார்ப்பாய் எட்டியது. அப்பா வீட்டுக்கு வந்து பீரோவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனரை எடுத்துக்கொண்டு போய்ப் போர்த்திவிட்டார். உன் படத்தை மண்பார்க்கக் கவிழ்க்கக் கூடாது என்று மேலே பார்க்க வைத்தார். இப்போது நம் நெல்லின் மேல் நீ வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடக்கிறாய். "இறைவன் அழைத்த எங்கள் ஊர் மலர்" என்ற எழுத்தில் பாதி மடிப்புக்குள் போய்விட்டது.

நெல் அளக்க நம் முறை வரும்வரை பகலில் நான்தான் காவல். வெயில் அடித்தால் போர்வையை விலக்கி, காலால் கோடு போட்டு நெல்லைக் கிளறிவிட வேண்டும். தூறல் விழுந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். ஆடு வராமல் பார்க்க வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

வெல்லம் தினமும் என் பின்னாலேயே அங்கே வந்துவிடுகிறது. அதன் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கிவிட்டது. முலைக்காம்புகள் ரோஸ் நிறத்தில் வெளியே தெரிகின்றன. போன இடத்தில் எல்லாம் முன்னங்கால்களால் பிராண்டிப் பார்க்கிறது. விறகுக்கு நடுவில் போய்ப் பார்த்தது, பிறகு மாட்டுக் கொட்டகையில், அம்மாவின் சேலைக்கூடையில். அம்மா விரட்டிவிட்டாள். போன வருடம் விறகுக்குப் பின்னால் போட்ட குட்டிகளைக் கடுவன் பூனை கடித்துப் போட்டதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அன்று எவ்வளவு அழுதாய்.

போன மாதம் நீ போனில் பேசியபோது, "வெல்லம் குட்டி போட்டா எழுது, கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து பாக்குறேன்" என்றாய். அப்பா ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார். எனக்கும் ஏதேதோ கேட்க இருந்தது. போனைக் கையில் கொடுத்ததும் அம்மாவிடம் நீட்டிவிட்டேன், என் பேச்சுதான் உனக்குத் தெரியுமே. அதனால்தான் எழுதுகிறேன். உனக்குக் கிறிஸ்துமஸ் லீவு எத்தனையாம் தேதி என்று பதிலில் போடு.

உன் தங்கை,
ஃபிளோரா


கன்னியர் இல்லம்
12.10.2024

என் செல்லத் தங்கை ஃபிளோராவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் வாங்கினேன். என் முகத்தின் மேல் பூனை படுத்த இடத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் இங்கே மௌனம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெல்லம் எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் நீ மாற்றாதே. மழை படாத, இருட்டான, கொஞ்சம் கதகதப்பான இடமாகத்தான் பார்க்கும். குட்டி போடும்போது பக்கத்தில் இரு. ஆனால் கை வைக்காதே. ஒவ்வொரு குட்டியும் ஒரு பையில் சுற்றி வரும். அதைத் தானே நக்கிக் கிழித்து, தொப்புள்கொடியையும் தானே கடித்து, குட்டியோடு விழும் நஞ்சையும் தின்றுவிடும். அருவருப்பாக இருந்தாலும் தடுக்காதே, அந்த நேரத்தில் அதற்கு அதுதான் சோறு. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதையெல்லாம் பார்க்கவிடாமல் உன்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

இங்கே எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நான் தோட்டத்தில் இருக்கிறேன். கத்தரி காய்க்கிறது. கடிதங்களைப் பொறுப்பு சிஸ்டர் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார்கள், அது இங்கே வழக்கம். அவர் நல்லவர். அம்மாவின் முழங்காலுக்கு மந்திரித்த எண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில் அவர்தான் கொடுத்தார். பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

என் கட்டிலில் யார் படுக்கிறீர்கள்? சும்மா கேட்டேன்.

நீ பாதியில் விட்ட பத்தாவதைத் தனித்தேர்வாக எழுதலாம் என்று இங்கே ஒரு அக்கா சொன்னார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டியது இருக்காது. யோசி.

அன்புடன்,
அக்கா அக்னஸ்


நீடாமங்கலம்
18.10.2024

அன்புள்ள அக்கா,

நேற்று மத்தியானம் வெல்லம் குட்டி போட்டுவிட்டது. எங்கே தெரியுமா? பேனருக்குக் கீழே.

காலையிலிருந்தே அது சரியில்லை. மீன் தலையைப் போட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கத்தும், கொஞ்ச தூரம் போகும், வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கும். அம்பாரத்தின் வாய்க்கால் பக்கத்து ஓரத்தில் பேனரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது. அங்கே நெல்லில் ஒரு குழி பறித்து வைத்திருக்கிறது, எனக்கே தெரியாமல். அப்போது மழை பிடித்தது. நான் குடையை வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன்.

முதல் குட்டி வரும்போது வெல்லம் முனகியது. நீ எழுதியபடியே எல்லாம் நடந்தது. நக்கி நக்கி மூச்சு வரவைத்தது. ஒன்று பிறந்து அடுத்தது வருவதற்கு வெகு நேரம் ஆனது. இதோடு சரி, மீதி வயிற்றிலேயே செத்துவிட்டது என்று நினைத்து நான் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது. மொத்தம் நாலு. ஒன்று வெல்லத்தின் நிறம், இரண்டு சாம்பல், கடைசியாக வந்தது முழு வெள்ளை. கண் மூடியிருக்கிறது. காது தலையோடு ஒட்டியிருக்கிறது. ஆனாலும் மூக்காலேயே முலையைக் கண்டுபிடித்து ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொண்டன. கால்களால் அம்மா வயிற்றை மாற்றி மாற்றி அமுக்குகின்றன. அது கண்ணை மூடிக்கொண்டு உறுமியதே, நம் தெரு அரவை மெஷின் மாதிரி.

இப்போது என் கவலையைக் கேள். இன்று வெயில் அடித்தது. எல்லோரும் நெல்லைக் கிளறினார்கள். நானும் கிளறினேன், அந்த ஓரத்தைத் தவிர. அந்த இடத்தில் போர்வையை எடுக்கவே இல்லை. லோடு ஏற்றும் மருதையன் அண்ணன் பார்த்துவிட்டார்.

"என்ன பாப்பா, உங்க நெல்லுல அந்த ஓரம் மட்டும் தூங்குது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"உன்னத்தான். வாயில நெல்லு கெடக்கா? ஈரத்தோட அளந்தா மெஷின் காட்டிக் குடுத்துரும். அப்பறம் உங்கப்பா என்னைத்தான் வையும்."

தலையை ஆட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ராத்திரி மற்ற ஆட்களோடு நிலையத்துக் கொட்டகையில்தான் படுக்கிறார். நெல் ஈரமாகிவிடுமோ என்று ஒரு பயம். கிளறினால் குட்டி செத்துவிடுமோ என்று ஒரு பயம். நான் குட்டிப் பக்கம்தான் இருக்கிறேன் அக்கா. நீ வரும்போது நாலும் இருக்க வேண்டும்.

உன் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. விதைநெல் மூட்டைகளை அதில் அடுக்கியிருக்கிறார்கள். லீவுத் தேதியை எழுத மறந்துவிட்டாய்.

ஃபிளோரா


கன்னியர் இல்லம்
24.10.2024

அன்புத் தங்கைக்கு,

நாலு குட்டி என்று படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. தோட்டத்தில் கத்தரிச் செடிகளிடம் சொன்னேன்.

இன்னும் கொஞ்ச நாளில் கண் திறக்கும். முதலில் எல்லாக் கண்ணுமே நீலமாக இருக்கும். அதுவரை வெல்லம் அவற்றின் அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் குட்டிகளுக்கு மூத்திரம் போகும். அதனால் தாயைவிட்டு அதிக நேரம் பிரிக்கக் கூடாது. ஆட்கள் நடமாட்டம் கூடினால் வெல்லம் பிடரியைக் கவ்வி ஒவ்வொன்றாக வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். பதறாதே. தடுக்காதே.

லீவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நவம்பர் கடைசிக்குள் நாங்கள் ஒவ்வொருவரும் கன்னியாஸ்திரி ஆகச் சம்மதம் என்று கைப்பட விருப்பக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர்களுக்கு ஜனவரியில் வெள்ளை உடை. அவர்கள் கிறிஸ்துமஸுக்கும் இங்கேயே இருந்து தயாராக வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் வீட்டுக்கு வர முடியாது. என்னோடு இருக்கிறவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் இன்னும் எழுதவில்லை. தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? பேனரை நெல்லுக்குப் போர்த்தியதற்கு ஊரில் யாரும் ஏதும் சொல்லவில்லையே?

குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று உடனே எழுது.

அக்கா


நீடாமங்கலம்
28.10.2024

அன்புள்ள அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். ஒரு தப்பு செய்துவிட்டேன்.

மூன்று குட்டிக்குக் கண் திறந்துவிட்டது. வெள்ளைக் குட்டிக்கு மட்டும் இமைகள் பீளையால் ஒட்டிக்கொண்டிருந்தன. குருடாகிவிடும் என்று பயந்துவிட்டேன். நம் வீட்டில் தலைவலி, காய்ச்சல், கறவை வற்றினால்கூட மந்திரித்த எண்ணெய்தானே தடவுகிறோம். நீ அம்மாவுக்கு அனுப்பிய பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய் அதன் நெற்றியில் சிலுவை போட்டு, கண்ணில், முதுகில் எல்லாம் தடவிவிட்டேன். அந்த எண்ணெயில் ஏதோ வாசனைப் பூ போட்டிருக்கிறார்கள். கோயிலுக்குள் நுழைந்த மாதிரி மணக்கிறது.

வெல்லம் வந்து வெள்ளைக் குட்டியை முகர்ந்தது. பின்னால் ஒரு எட்டு வைத்தது. மறுபடியும் முகர்ந்து சீறியது. அக்கா, தன் குட்டியைப் பார்த்தே சீறியது. பிறகு வெல்ல நிறக் குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு வரப்பு வழியாக நடந்தது. நான் பின்னாலேயே போனேன். நேராக நம் வீட்டுக்குப் போய் உன் கட்டிலில் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் இருந்த சந்தில் வைத்தது. திரும்பி வந்து சாம்பல் குட்டி. திரும்பி வந்து இன்னொரு சாம்பல் குட்டி. அதோடு வரவில்லை.

நான் காத்திருந்து பார்த்தேன். வெள்ளைக் குட்டி வாயைத் திறக்கிறது, சத்தமே வரவில்லை. அதைத் துப்பட்டாவில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி மற்ற குட்டிகளோடு விட்டேன். வெல்லம் காலால் அடித்துத் தள்ளிவிட்டது. இன்னும் விட்டால் கடித்துவிடுமோ என்று பயந்து எடுத்துக்கொண்டேன். வீட்டில் எங்கே வைத்தாலும் அதற்குக் குளிர் தாங்கவில்லை. கடைசியில் பழைய குழியிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அந்த இடம்தான் கதகதப்பாக இருக்கிறது. துணியில் பாலை நனைத்து வாயில் வைத்தேன். கொஞ்சம் சப்பியது.

நாளைக் காலையில் நம் முறை. அம்பாரத்தைப் பிரித்து மூட்டை பிடிப்பார்கள். அப்பா அந்த ஓரத்தைப் பார்க்கப்போகிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், தெரியும். ஆனாலும் யாரிடம் சொல்வது. வேண்டிக்கொள்.

ஃபிளோரா


கன்னியர் இல்லம்
4.11.2024

ஃபிளோரா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. வெல்லம் அதைச் சேர்த்துக்கொண்டதா?

நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் தடவினாய். எனக்கும் நல்லது என்று நினைத்துத்தான் எல்லோரும் செய்தார்கள். வேனில் ஏறும்போது அப்பாவுடைய முகம் எப்படிப் பூரித்திருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த முகத்தை நினைத்துக்கொண்டால் விருப்பக் கடிதம் எழுத உட்காருகிறேன். பேனாவை எடுத்தால் வெள்ளைக் குட்டி ஞாபகம் வருகிறது.

ஒருமுறை வேறு வாசனை ஏறிவிட்டால், திரும்பிப் போனாலும் வீட்டுக்கு அடையாளம் தெரியாதோ? பூனையைத்தான் கேட்கிறேன். வெல்லம் அதைச் சேர்த்துக்கொண்டதா, இல்லையா?

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டாதே. இதுவரை எழுதியதைச் சிஸ்டரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, மீதியை எழுதி நீயே ஒட்டிவிடு என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

சேர்த்துக்கொண்டதா என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்னஸ்


நீடாமங்கலம்
10.11.2024

அன்புள்ள அக்கா,

சேர்த்துக்கொண்டது.

இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நேற்று உன் கடிதம் வந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படி என்பதையும் எழுதுகிறேன். சிஸ்டரும் படிக்கட்டும்.

அன்று காலையில் அப்பா பேனரை உருவினார். அந்த ஓரத்து நெல் நனைந்து முளை விட்டிருந்தது. வெள்ளை வெள்ளையாக வேர்.

"ஏம்மா, இதை ஏன் கிளறாம விட்டே? காவலுக்குன்னுதானே உன்னை வெச்சேன்?"

நான் குழியைக் காட்டினேன். அப்பா குனிந்து கையை விட்டார். முளைவிட்ட நெல் உள்ளே சூடேறிக் கிடந்தது. குட்டி அந்தச் சூட்டில் உயிரோடு இருந்தது அக்கா. ஈர நெல்லைக் கிளறாமல் விட்டால் காந்தும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அன்று அது ஒன்றும் ஞாபகம் வராமல் குட்டியைக் கையிலே வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாய் எங்கே?"

"விட்டுட்டுப் போயிருச்சுப்பா."

"என்ன இது, கோயில் வாசம் அடிக்குது?"

"அக்கா அனுப்பின எண்ணெய். நான்தான் தடவினேன். அதான் சேத்துக்கல."

மருதையன் அண்ணன் பின்னாலிருந்து, "அட, பாப்பா பேசுதே" என்றார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் சாக்கு எடுக்கப் போய்விட்டார்.

முளைவிட்டதை மட்டும் தனியாக ஒதுக்கச் சொல்லிவிட்டு, மற்ற நெல்லை மருதையன் அண்ணனிடம் விட்டுவிட்டு, அப்பா குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நம் முறை வந்த நேரத்தில் களத்தை விட்டு அவர் வந்ததை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் வெந்நீரில் துணியை நனைத்துக் குட்டியைத் துடைத்தார். கன்றுக்குட்டியை மாடு ஏற்காவிட்டால், நக்கட்டும் என்று அதன் முதுகில் தவிடு தூவுவாரே, நினைவிருக்கிறதா? "பூனை தவிடு திங்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கறந்த பாலின் நுரையை எடுத்துக் குட்டியின் முதுகிலும் தலையிலும் பூசினார். வெல்லம் படுத்திருந்த சாக்கில் போட்டு அதை ஒரு புரட்டுப் புரட்டினார். பிறகு உன் கட்டிலில், வெல்லத்தின் முகத்துக்கு நேரே வைத்துவிட்டுப் பின்னால் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் கதவோரம் நின்றோம்.

வெல்லம் சீறியது. பிறகு ஒரு நக்கு நக்கியது. பால் ருசி தெரிந்ததும் இன்னொரு நக்கு. பால் தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. தலை, காது, கண் எல்லாவற்றையும் நக்கியது. அதிலேயே ஒட்டியிருந்த கண்ணும் திறந்துகொண்டது. அப்பா, "அவ்வளவுதான், போ, சாக்கு எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய்விட்டார்.

இப்போது நாலும் கட்டிலில் ஏறி இறங்குகின்றன. வெள்ளைதான் ரொம்பச் சேட்டை. நேற்று வெல்லம் அரைகுறையாகச் செத்த ஒரு எலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டது. மூன்று பயந்து ஓடின, வெள்ளை மட்டும் போய் முகர்ந்து பார்த்தது.

அக்கா, உன் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ பூனையைத்தான் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாய். பூனையை மட்டும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. காட்டாதே என்றாய், கடிதத்தை நான் காட்டவில்லை. ஆனால் சொன்னேன். அப்பா வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "அக்காவுக்கு அங்க இருக்கப் பிடிக்கல போலப்பா. உங்களுக்காகத்தான் சொல்லாம இருக்கு" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எனக்கே என் குரல் யாருடையதோ போல இருந்தது.

அப்பா ரொம்ப நேரம் கால் கழுவினார். சேறு எல்லாம் போன பிறகும் கழுவினார்.

அம்மா வாசலில் இருந்து கேட்டுவிட்டு, "ஊரைக் கூட்டி அனுப்பினமே, இப்ப என்னன்னு சொல்றது" என்றாள். அதற்கு அப்பா, "போறப்ப மூணு வேன் வெச்சு ஊரே போச்சு. கூட்டிட்டு வர நான் ஒருத்தன் போதும்" என்றார். கொஞ்சம் கழித்து என்னிடம், "அதுவா சிஸ்டர்கிட்ட சொல்லட்டும். இருக்கறேன்னு சொன்னாலும் சரி, வர்றேன்னு சொன்னாலும் சரி. நான் சொன்னதா எழுதாதே" என்றார். எழுதிவிட்டேன்.

நெல் மூட்டை போன பிறகு பேனரைக் கழுவி மாட்டுக் கொட்டகைக் கூரையில் விரித்துவிட்டார். எழுத்தும் படமும் உள்பக்கம். மாடு இனிமேல் உன்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அசைபோடும்.

அக்கா, நீ அங்கேயே இருக்க ஆசைப்பட்டால் தாளை எடுத்து எழுது. நான் அழுதாலும் கோபப்பட மாட்டேன். வர ஆசைப்பட்டால் அந்தத் தாளில் எனக்கு ஒரு வரி எழுது.

இதுவரை எழுதிவிட்டு, எழுந்து போய் விதைநெல் மூட்டைகளை உன் கட்டிலிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். குட்டிகள் தூங்கும் மூட்டையை மட்டும் கால்மாட்டில் விட்டு வைத்திருக்கிறேன். நீ காலைக் கொஞ்சம் முடக்கிப் படுத்தால் இடம் போதும்.

உன் தங்கை,
ஃபிளோரா